கன்டெய்னர் துறைமுகங்களை ஒப்பிட்டுத் தேர்வது எப்படி? ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கு முழு வழிகாட்டி

துறைமுகம் தேடத் தொடங்கும் பலரும் முதலில் கையில் எடுப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். 2010 முதல் ஷாங்காய் முதலிடத்தில் இருக்கிறது. 2024இல் 5 கோடி டி.இ.யு.வைத் தாண்டியது. அதே ஆண்டு சிங்கப்பூர் சுமார் 4.1 கோடி. டி.இ.யு. என்பது 20 அடிப் பெட்டியின் கணக்கு. 40 அடிப் பெட்டியை இரண்டாக எண்ணுவார்கள்.

இந்த எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு கப்பலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் பெட்டியை, இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை என இரண்டு தடவை எண்ணுவார்கள். சிங்கப்பூரில் கையாளும் பெட்டிகளில் பெரும்பகுதி அப்படிக் கப்பல் மாறிப் போவதுதான். உங்கள் பெட்டி கேட்டைத் தாண்டி வெளியே வர எத்தனை நாளாகும் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். கட்டணம் கேட்பதை ஐந்தாவது படிக்குத் தள்ளியிருப்பதற்குக் காரணம் உண்டு: ரேட்டை முதலில் வாங்கிவிட்டால், மலிவானதை நியாயப்படுத்தத்தான் மற்ற தகவல்களைத் தேடுவோம்.

1. முதலில் சரக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

எந்தத் துறைமுகத்தின் பெயரையும் சொல்லும் முன் கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்க வேண்டும்: பொருளின் எச்.எஸ். எண் (கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் எண்), ஒரு பெட்டியில் ஏறும் எடை, பெட்டியின் வகை, சரக்கு புறப்படும் இடமும் சேரும் இடமும், கட்டாயம் சேர வேண்டிய தேதி, ஆண்டுக்கு எத்தனை பெட்டி, இன்கோடெர்ம் (செலவும் பொறுப்பும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே மாறும் என்ற விற்பனை விதி) எது.

எடைதான் பலரைக் கவிழ்க்கிறது. 20 அடிப் பெட்டியின் கதவில் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 30.48 டன் என்று இருக்கும். கப்பலும் கிரேனும் அதைத் தாங்கும். ஆனால் சேரும் நாட்டின் சாலை அந்த எடையை அனுமதிக்காமல் போகலாம். அங்கே போய்ச் சரக்கைப் பிரித்து இரண்டு லாரியில் ஏற்ற வேண்டி வந்தால், கப்பல் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். டைல்ஸ், கல், உலோகம், தானியம் அனுப்புகிறவர்கள் துறைமுகத்தின் ஆழத்தைக் கேட்பதற்கு முன் சாலை எடை வரம்பைக் கேட்பது நல்லது.

அடுத்தது இன்கோடெர்ம். துறைமுகத்தையும் கப்பலையும் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. எஃப்.ஓ.பி.யில் (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் பொறுப்பு) சரக்கை வாங்குபவர்தான் கப்பலை அமர்த்துகிறார். சி.ஐ.எஃப்.பில் (விலையில் காப்பீடும் கப்பல் கட்டணமும் அடக்கம்) விற்பவர் அமர்த்துகிறார்; அவர் மலிவான லைனை, அதாவது கப்பல் கம்பெனியைப் பிடிப்பார், சேரும் துறைமுகத்தில் ஃப்ரீ டைம் (அபராதமின்றிப் பெட்டியை வைத்திருக்கும் நாட்கள்) எத்தனை நாள் என்று கவலைப்பட மாட்டார். அபராதம் வரும்போது கட்டப்போவது வாங்குபவர்தானே. சி.ஐ.எஃப்.பில் வாங்கும் இறக்குமதியாளர், ஃப்ரீ டைம் நாட்களை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்காவிட்டால், மேற்கொண்டு எவ்வளவு ஒப்பிட்டும் பயன் குறைவு.

ஏற்றுமதியாளருக்கும் ஒரு எச்சரிக்கை. கன்டெய்னர் சரக்கை எஃப்.ஓ.பி.யில் விற்றால், பெட்டியை டெர்மினலில் (துறைமுகத்துக்குள் கப்பல் கட்டிப் பெட்டிகளைக் கையாளும் தளம்) ஒப்படைத்த பிறகும் கப்பலில் ஏறும்வரை பொறுப்பு உங்களுடையது. இடையில் நான்கைந்து நாள் பெட்டி உங்கள் கண்ணில் படாமல் யார்டில் கிடக்கும். கன்டெய்னருக்கு, ஒப்படைக்கும் இடத்திலேயே பொறுப்பு மாறும் எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று சொல்வது இதனால்தான்.

2. நுழைவாயிலா, மாற்றுமையமா என்று பிரியுங்கள்

ரோட்டர்டாம், லாஸ் ஏஞ்சல்ஸ், ஷாங்காய், நவ ஷேவா போன்றவை பெரும்பாலும் நுழைவாயில் துறைமுகங்கள்: சரக்கு அங்கிருந்து உள்நாட்டுக்குள் போகிறது அல்லது உள்நாட்டிலிருந்து வருகிறது. சிங்கப்பூர், தஞ்சோங் பெலப்பாஸ், கொழும்பு, சலாலா, டான்ஜியர் மெட் ஆகியவற்றில் கப்பல் மாற்றும் வேலையே அதிகம். நுழைவாயிலை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். மாற்றுமையத்தைக் கப்பல் கம்பெனி தேர்ந்தெடுக்கிறது. ஆகவே நுழைவாயில்களைத் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். மாற்றுமையத்தை வழித்தடத்தின் ஒரு பகுதியாகப் பாருங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு மதிப்பெண் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு, அதிகம் போனால் மூன்று துறைமுகங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

3. துறைமுகத்தை விட்டு டெர்மினலுக்கு இறங்குங்கள்

ஷாங்காய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் வாய்காவ்சியாவ் டெர்மினல்கள் யாங்சி ஆற்று முகத்தில் இருக்கின்றன. யாங்ஷான் கடலுக்குள் தீவில் இருக்கிறது, சுமார் 32 கி.மீ. நீளப் பாலத்தைக் கடந்து போக வேண்டும். ரோட்டர்டாமில் பெரிய கப்பல்கள் நிற்கும் மாஸ்விளாக்டே, நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. மலேசியாவின் கிளாங்கில் நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் இரண்டும் வேறு வேறு. லாஸ் ஏஞ்சல்ஸும் லாங் பீச்சும் ஒரே விரிகுடாவில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நிர்வாகம் தனித்தனி.

லாரி வாடகை, கேட் நேரம், கிரேன் எண்ணிக்கை, ரீஃபர் (குளிர்பெட்டி) பிளக் இணைப்புகள், ரயில் பாதை எல்லாமே டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். துறைமுகத்தின் பெயருக்கு மட்டும் லாரி ரேட் வாங்கி வைத்துக்கொண்டு, கப்பல் வேறு டெர்மினலில் கட்டியதும் முழிப்பது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காட்சி. கப்பல் கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி: “இந்த சர்வீஸ் வழக்கமாக எந்த டெர்மினலில் கட்டுகிறது? கடந்த மூன்று மாதத்தில் மாற்றியிருக்கிறார்களா?”

ஆழத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 24,000 டி.இ.யு. அளவுள்ள கப்பல்கள் சுமார் 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம். முழுச் சுமையில் நீருக்குள் 16 மீட்டருக்கும் கீழே போகும். உங்கள் வழித்தடத்தில் அந்த அளவுக் கப்பல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஆற்றுத் துறைமுகங்கள் மட்டும் விதிவிலக்கு. ஹாம்பர்க் கடலிலிருந்து எல்ப ஆற்றில் 100 கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கிறது. பெரிய கப்பல் கடல் ஏற்றம் (நீர்மட்டம் உயரும் நேரம்) பார்த்துத்தான் உள்ளே வர முடியும். ஏற்றத்தைத் தவறவிட்டால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்கு ரயில் வசதி பலமானது என்பதால் அந்தக் காத்திருப்பு பலருக்குப் பொருட்டில்லை.

4. கப்பல் சுற்றுவரிசையைப் படியுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்; பலன் அதிகம் தருவதும் இதுதான்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு சுற்றுவரிசை, அதாவது துறைமுகங்களைத் தொடும் வரிசை உண்டு. உதாரணத்துக்கு ஒரு கப்பல் நிங்போ, ஷாங்காய், யான்தியன், சிங்கப்பூர் என்று ஏற்றிக்கொண்டு ரோட்டர்டாம், ஹாம்பர்க் என்று இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். யான்தியனில் ஏற்றிய பெட்டி, நிங்போவில் ஏற்றியதைவிடச் சில நாள் குறைவாகக் கப்பலில் இருக்கும். ரோட்டர்டாமில் இறங்குவது ஹாம்பர்க்கில் இறங்குவதைவிட முந்தி வரும். ஆகவே ஏற்றுமதிக்குக் கடைசியாக ஏற்றும் துறைமுகம், இறக்குமதிக்கு முதலில் இறக்கும் துறைமுகம் என்பதே பொதுவான விதி.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கப்பல் தாமதமானால், நேரத்தை ஈடுகட்ட லைன்கள் வரிசையின் பின்பகுதித் துறைமுகங்களைத்தான் பெரும்பாலும் கைவிடுகின்றன. உங்கள் துறைமுகம் வரிசையில் கடைசியாக இருந்தால், பெட்டி வேறெங்கோ இறங்கி, அங்கிருந்து ஃபீடரில் (சிறிய இணைப்புக் கப்பல்) திரும்பி வரும்.

நேரடி சர்வீஸா, டிரான்ஷிப்மென்டா (வழியில் கப்பல் மாறுவது) என்று பாருங்கள். டிரான்ஷிப்மென்டில் அட்டவணை சொல்லும் நாட்களை அப்படியே நம்பாதீர்கள். தாய்க்கப்பல் (நெடுந்தூரம் ஓடும் பெரிய கப்பல்) வாரம் ஒருமுறை வருகிறது. ஃபீடர் ஒரு நாள் தாமதமாகிக் கப்பலைத் தவறவிட்டால் இழப்பு ஏழு நாள். 2024 மே, ஜூன் மாதங்களில் சிங்கப்பூரில் கப்பல்கள் நாட்கணக்கில் நின்றபோது, அங்கே கப்பல் மாற வேண்டிய பெட்டிகள் இப்படித்தான் தொடர்ச்சியாகப் பின்தங்கின.

பழைய அட்டவணைகளை நம்பாதீர்கள் என்பதற்கு இரண்டு காரணம். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் ஆசியா–ஐரோப்பா கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின; பத்து நாள், அதற்கு மேலும் கூடியது. 2025 பிப்ரவரியில் கப்பல் கம்பெனிகளின் கூட்டணிகளும் மாறின: மெர்ஸ்க்கும் ஹபக்-லாய்டும் ஜெமினி என்ற பெயரில் சேர்ந்தன, எம்.எஸ்.சி. தனியாக ஓடத் தொடங்கியது. ஜெமினி சில பெரிய மையங்களில் மட்டும் தாய்க்கப்பலை நிறுத்தி, மற்ற துறைமுகங்களை ஃபீடரால் இணைக்கிறது. அதனால் அதற்கு முன்பு நேரடி சர்வீஸ் இருந்த துறைமுகம் இப்போது டிரான்ஷிப்மென்ட் ஆகியிருக்கலாம்.

கூட்டணியில் இன்னொரு பொறி: இரண்டு லைனில் புக்கிங் பிரித்துவிட்டோம், பாதுகாப்பு என்று நினைப்பீர்கள். இரண்டும் ஒரே கூட்டணியாக இருந்தால் இரண்டு புக்கிங்கும் ஒரே கப்பலில்தான் ஏறும். கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அட்டவணை நாட்களுக்குப் பதிலாகக் கடந்த எட்டுப் பத்துப் பயணங்களின் உண்மையான வருகைத் தேதிகளைக் கேளுங்கள். சராசரியை எடுக்காமல், மிக மோசமாக வந்த இரண்டை வட்டமிடுங்கள். இருப்புச் சரக்கை எத்தனை நாளுக்கு வைக்க வேண்டும் என்பதை அவைதான் சொல்லும்.

5. செலவை ஒரே தாளில், கேட் வெளியேறும் வரை கூட்டுங்கள்

இப்போது ரேட் கேட்கலாம். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனி வரியாக: கடல் கட்டணம், எரிபொருள் மற்றும் பிற கூடுதல் கட்டணங்கள், இரு முனை டி.எச்.சி. (டெர்மினல் கையாளும் கட்டணம்), ஆவணக் கட்டணம், டெலிவரி ஆர்டர் (பெட்டியை விடுவிக்கும் கடிதம்) கட்டணம், லாரி அல்லது ரயில், காலிப் பெட்டி திருப்பும் செலவு, எதிர்பார்க்கும் டெமரேஜ், டிடென்ஷன். “ஆல்-இன்” ரேட்டில் இவற்றில் எது அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் டி.எச்.சி.யைச் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் கொடுத்த ரேட்டை ஒப்பிட்டு முடிவெடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

டெமரேஜ் என்பது இறங்கிய பெட்டி டெர்மினலுக்குள்ளேயே கிடப்பதற்கு லைன் வாங்குவது. டிடென்ஷன், பெட்டி வெளியே போய்த் திரும்பாமல் இருப்பதற்கு. டெர்மினலின் வாடகை தனி. அது வேறு பில்லில் வரும். சில லைன்கள் முதல் இரண்டையும் சேர்த்து ஒரே ஃப்ரீ டைமாகக் கொடுக்கும்.

ஐந்து நாள் ஃப்ரீ டைம் என்றால் எந்த ஐந்து நாள்? பெட்டி வியாழன் இரவு 11 மணிக்கு இறங்குகிறது. இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணும் லைனில், நாட்காட்டி நாள் கணக்கென்றால் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், முடிந்தது. சனி, ஞாயிறு கஸ்டம்ஸ் விடுமுறை என்றால் உங்களுக்குக் கிடைத்தது வெள்ளியும் திங்களும் மட்டும். மறுநாளிலிருந்து வேலை நாட்களாக எண்ணும் லைனில் அதே ஐந்து நாள் அடுத்த வியாழன் வரை நீளும். ரேட் கடிதத்தில் இரண்டும் “5 நாள்” என்றே இருக்கும்.

கணக்கு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க, கற்பனை எண்களில் ஒரு 40 அடிப் பெட்டி. துறைமுகம் அ: கடல் கட்டணம் 1,400 டாலர், சேருமிடக் கட்டணங்கள் 250, லாரி 180, ஃப்ரீ டைம் 4 நாள். அங்கே பெட்டியை வெளியே எடுக்க வழக்கமாக 7 நாள் ஆகிறது. மிச்ச 3 நாளுக்கு நாளொன்றுக்கு 90 வீதம் 270. மொத்தம் 2,100. துறைமுகம் ஆ: கடல் கட்டணம் 1,550, கட்டணங்கள் 220, லாரி 260, ஃப்ரீ டைம் 10 நாள், டெமரேஜ் இல்லை. மொத்தம் 2,030. கடல் கட்டணத்தில் 150 டாலர் மலிவாகத் தெரிந்த துறைமுகம் முடிவில் 70 டாலர் அதிகம்.

சரக்கில் முடங்கிய பணத்தையும் சேருங்கள். 40,000 டாலர் சரக்குக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 13 டாலர். ஐந்து நாள் வித்தியாசம் 65 டாலர். விலை உயர்ந்த சரக்கில் இது கடல் கட்டண வித்தியாசத்தையே விழுங்கும். மலிவான கனச் சரக்கில் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

6. கட்-ஆஃப்களைப் பக்கத்தில் எழுதுங்கள்

ஏற்றுமதியில் ஒரு கப்பலுக்குக் குறைந்தது மூன்று கடைசி நேரம் உண்டு: ஷிப்பிங் விவரம் கொடுப்பது, வி.ஜி.எம். (நிரப்பிய பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை) கொடுப்பது, பெட்டியை கேட்டுக்குள் விடுவது. மூன்றில் எது முந்தியதோ அதுதான் உங்கள் உண்மையான கட்-ஆஃப்.

வி.ஜி.எம். 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும் கட்டாயம். அது இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. நிரப்பிய பெட்டியை அப்படியே எடை போடலாம். அல்லது சரக்கு, பேக்கிங், கட்டுப்பொருள் எல்லாவற்றையும் எடை போட்டு, கதவில் எழுதியுள்ள காலிப் பெட்டி எடையைக் கூட்டலாம். பேலட், மரச்சட்டம், ஏர்பேக் எடையை விட்டுவிடுவதுதான் இரண்டாவது முறையில் வழக்கமாக நேரும் தவறு. மரத்தைப் பற்றிப் பேசும்போது: பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தைப் பூச்சி நீங்கப் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது; மையப்பகுதியை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது அதற்கான முறைகளில் ஒன்று. இல்லாவிட்டால் பல நாடுகள் சரக்கோடு திருப்பி அனுப்பும்.

அமெரிக்கா போகும் பெட்டியின் விவரம், வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அமெரிக்கக் கஸ்டம்ஸுக்குப் போக வேண்டும். இறக்குமதியாளர் தாக்கல் செய்யும் ஐ.எஸ்.எஃப். என்ற பாதுகாப்பு விவரமும் அதே கெடுவில். அதனால் அந்தச் சரக்குக்கு ஷிப்பிங் விவரக் கட்-ஆஃப் மற்ற நாட்டுச் சரக்கைவிட முந்தி வரும்.

கேட் திறக்கும் தேதியையும் கேளுங்கள். சீக்கிரம் அனுப்பினால் நல்லது என்று பெட்டியை அந்தத் தேதிக்கு முன்னால் கொண்டுபோனால், கேட்டில் நிறுத்திவிடுவார்கள். லாரிக்குக் காத்திருப்பு வாடகை.

7. கேட்டுக்கு வெளியே: பெட்டி கிடைக்குமா, திரும்பப் போகுமா

இறக்குமதி அதிகமாக 40 அடியில் வரும் பகுதியில் 20 அடிக் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு இருக்கும். கனச் சரக்கு ஏற்றுமதியாளருக்குத் தேவைப்படுவதோ 20 அடிதான். புக்கிங் கிடைத்தும் பெட்டி கிடைக்காமல் கப்பல் போய்விடும். லைனிடம் கப்பலில் இடம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், “எந்த டெப்போவில் (காலிப் பெட்டிக் கிடங்கு), இன்றைக்கு எத்தனை பெட்டி?” என்றும் கேளுங்கள். உணவுப் பொருள் என்றால் பெட்டியின் தரத்தையும் சேர்த்து.

இறக்குமதியாளருக்குத் திருப்பும் டெப்போ. இறங்கிய டெர்மினலிலேயே காலிப் பெட்டியை ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள். நகரத்தின் மறுகோடிக்கு அனுப்புவார்கள், அந்த டெப்போ நிறைந்திருந்தால் இன்னொரு இடம். டிடென்ஷன் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரயில் அல்லது படகு வழியாக உள்நாட்டு உலர்துறைமுகத்துக்கு (கடலோரத்தில் இல்லாத கன்டெய்னர் நிலையம்) போகும் சரக்குக்கு, பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) இரண்டு கட்டங்களைப் பாருங்கள்: இறங்கும் துறைமுகம், ஒப்படைக்கும் இடம். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் லைனின் பொறுப்பு கடற்கரையோடு முடிகிறது. மேற்கொண்டு கொண்டுபோவது உங்கள் பாடு.

8. இரண்டாவது துறைமுகத்தை ஆவணத்தோடு தயார் செய்யுங்கள்

2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச்சுக்கு வெளியே நூறு கப்பல்களுக்கு மேல் காத்துக் கிடந்தன. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் பாலம் இடிந்து துறைமுகத்தின் வழி அடைபட்டது. அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை, வளைகுடாத் துறைமுகங்களில் மூன்று நாள் வேலைநிறுத்தம். எந்தத் துறைமுகமும் இதற்கு விலக்கில்லை.

மாற்றுத் துறைமுகம் மனதில் இருந்தால் போதாது. அங்கே கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் அதிகாரக் கடிதம் முன்பே கொடுத்திருக்க வேண்டும், லாரிக்காரரின் ரேட் கையில் இருக்க வேண்டும், உங்கள் பொருளுக்குத் தேவையான தாவர அல்லது உணவுப் பரிசோதனை வசதி அங்கே உண்டா என்று தெரிந்திருக்க வேண்டும். கடைசியானது அடிக்கடி விட்டுப்போகிறது.

எல்.சி.யில் (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) வியாபாரம் செய்வோர் இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும். எல்.சி.யில் ஒரே துறைமுகத்தின் பெயர் எழுதியிருந்து, பில் ஆஃப் லேடிங்கில் வேறு துறைமுகம் வந்தால் வங்கி அதை முரண்பாடாகவே எடுத்துக்கொள்ளும். பணம் நிற்கும். எல்.சி. திறக்கும்போதே “இந்நாட்டின் எந்தத் துறைமுகமும்” என்று எழுதச் சொல்லுங்கள். டிரான்ஷிப்மென்ட் அனுமதியையும் பாருங்கள். பிறகு திருத்தம் போடுவதற்குக் கட்டணமும் நாளும் போகும்.

9. இரண்டு மூன்று பெட்டியை அனுப்பிப் பாருங்கள்

தேர்ந்த ஒவ்வொரு வழியிலும் வெவ்வேறு வாரங்களில் இரண்டு மூன்று பெட்டி. ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேதிகளைக் குறியுங்கள்: காலிப் பெட்டி எடுத்தது, கேட்டுக்குள் போனது, கப்பலில் ஏறியது, கப்பல் மாறியது, இறங்கியது, டெலிவரி ஆர்டர் வந்தது, கஸ்டம்ஸ் விட்டது, கேட்டை விட்டு வந்தது, காலிப் பெட்டி திரும்பியது. எந்த இரண்டு தேதிக்கு நடுவில் நாட்கள் வீணாகின்றன என்பது உடனே தெரிந்துவிடும். பாதி நேரம் அது துறைமுகத்தின் குறையாக இருக்காது; அசல் பில் ஆஃப் லேடிங் கூரியரில் வந்துசேரத் தாமதம், அல்லது இன்வாய்ஸில் எடை பொருந்தாதது. அப்படியென்றால் துறைமுகத்தை மாற்றினாலும் அதே நாட்கள்தான் ஆகும்.

உலக வங்கி வெளியிடும் கன்டெய்னர் துறைமுகச் செயல்திறன் குறியீட்டை இந்தப் பதிவோடு ஒப்பிடலாம். ஆனால் அது கப்பல் துறைமுகத்தில் கழிக்கும் நேரத்தை அளக்கிறது. பெட்டி யார்டில் கிடக்கும் நேரத்தை அல்ல. 2023 பதிப்பில் முதலிடம் யாங்ஷானுக்கு. அங்கிருந்து வாங்குகிறவருக்கு அதனால் கப்பல் நேரத்துக்குப் புறப்படும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஐ.நா.வின் வர்த்தக அமைப்பான அங்க்டாட்டின் லைனர் இணைப்புக் குறியீடு, ஒரு துறைமுகத்துக்கு எத்தனை சர்வீஸ் வருகிறது என்பதைப் பார்க்க உதவும். இரண்டாவது துறைமுகம் தேடும்போது அது கைகொடுக்கும்.

ஒப்பீட்டுத் தாளில் தேதி போட்டு வையுங்கள். உங்கள் சர்வீஸின் சுற்றுவரிசை, டெர்மினல், ஃப்ரீ டைம் இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.